ஏன் என்று கேட்க ஓர் ஆள்

போகிக்கு இரண்டு நாள் இருந்தது. ஒட்டடை அடித்து முடித்துவிட்டு முன்னறை மின்விசிறியைத் துடைக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். இறக்கையின் மேல்பக்கம் ஈரத்துணியை ஓட்டியதும் வெள்ளையாக ஒரு படலம் பெயர்ந்து முகத்தில் விழுந்தது. தெருப்புழுதி என்றால் நெறுநெறுவென்று இருக்கும். இது அப்படியில்லை. முகப்பவுடரைவிட மெல்லியது; விரலில் தேய்த்தால் திருநீறு போல வழுக்கிக்கொண்டு போகிறது. மூக்கில் ஏறியபோது, வெயிலில் போட்டு எடுத்த பஞ்சுத் தலையணையின் மணம். தும்மல் வந்துவிட்டது. கீழே கூண்டின் உச்சியில் உட்கார்ந்திருந்த வேலு, நான் தும்மி முடிப்பதற்குள் என்னைப் போலவே தும்மியது.

சாம்பல் கிளிகளின் உடம்பில், மற்ற இறகுகளுக்கு அடியில், நுனி பொடிந்து பொடிந்து மாவாக உதிர்வதற்கென்றே ஒருவகை மெல்லிறகு இருக்கிறது. அந்த மாவைத்தான் அவை மூக்கால் எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்கின்றன. மழைத்துளி நிற்காமல் உருண்டு ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு கிளி இருக்கிற வீட்டில் டிவி, புத்தக அலமாரி, சாமி படங்களின் சட்டம், மின்விசிறி எல்லாவற்றின் மேலும் அது படியும். தினமும் துடைக்கிறேன். ஆனால் மின்விசிறி இறக்கையை ஆண்டுக்கு இரண்டு முறைதான் துடைக்க முடிகிறது. அப்படித் துடைக்கிற நாளில், ஸ்டூல் மேல் நிற்கிற ஐம்பத்து மூன்று வயதுக்காரி, கலபாரில் தகரக்கூரை வீட்டுத் திண்ணையில் நிற்கிற பதினோரு வயதுப் பெண்ணாகிவிடுகிறேன்.

அப்பா கணக்கு வாத்தியார். பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பணம் பெருகி நைஜீரியாவில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்த காலம் அது. கற்றுக்கொடுக்க ஆள் போதவில்லை. இந்தியாவுக்கு வந்து வாத்தியார்களைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப் போனார்கள். அப்பாவுக்குத் தென்கிழக்கு மூலையில் கலபார் கிடைத்தது. ஆறும் கழிமுகமும் எண்ணெய்ப்பனைக் காடும் சூழ்ந்த ஊர். மழை என்றால் அங்கே பெய்வதுதான் மழை. தகரத்தின் மேல் விழத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். அம்மாவுக்கு முதல் ஆறு மாதம் செந்நிறப் பனையெண்ணெயின் வாடையே பிடிக்கவில்லை. பிறகு அதிலேயே புளிக்குழம்பு தாளிக்கப் பழகிவிட்டாள்.

எங்கள் வீதி முனையில் ஒரு தையல்கடை. அப்பாவின் கால்சட்டைகளையும் எங்கள் பள்ளிச் சீருடைகளையும் அங்கேதான் தைத்தோம். தையல்காரர் கானா நாட்டுக்காரர். வீடு ஊரின் மறுகோடியில். அவருடைய குடும்பத்தை நாங்கள் பார்த்ததில்லை. 1983 ஜனவரியில், முறையான தாள்கள் இல்லாத வெளிநாட்டார் இரண்டு வாரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அரசு அறிவித்தது. கானாக்காரர்கள் மட்டுமே ஏறத்தாழ பத்து லட்சம் பேர் கிளம்பினார்கள். லாரிகளின் மேலும், தலைச்சுமையோடு நடந்தும் போனவர்களை அப்பா சந்தையருகே நின்று பார்த்துவிட்டு வந்து அன்று சாப்பிடவில்லை. சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் பை ஒன்று உண்டே, நம் ஊர் பேருந்து நிலையங்களிலும் துணிமணி திணித்துத் தூக்கிப் போவார்களே, அந்தப் பையில்தான் எல்லாரும் வீட்டை அடைத்து எடுத்துப் போனார்கள். அந்தப் பைக்கு இன்றுவரை அந்தப் பக்கத்தில் 'கானா மஸ்ட் கோ' என்றுதான் பெயர். கோவை காந்திபுரத்தில் யார் தலையிலாவது அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

கெடு முடிய ஓரிரு நாள் இருந்தபோது ஒருநாள் இரவு தையல்காரர் வந்து கதவைத் தட்டினார். கையில் மரச்சட்டத்தில் கம்பி அடித்த ஒரு கூண்டு, மேலே மிச்சத் துணி போர்த்தியிருந்தது. குடும்பம் லாரி நிற்கிற இடத்தில் காத்திருக்கிறது, லாரிக்காரன் கூண்டை ஏற்ற மாட்டேன் என்கிறான், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பேச்சு அவ்வளவுதான். பாக்கி தரவேண்டிய தையல் கூலியை அப்பா எடுத்து வருவதற்குள் போய்விட்டார். கிளியின் பெயரை யாரும் கேட்கவில்லை.

காலையில் துணியை விலக்கிப் பார்த்தோம். கிளி என்றால் பச்சை என்று நினைத்திருந்த எனக்கு, முதலில் புறா என்றுதான் தோன்றியது. மழைமேக நிறம். ஒவ்வொரு இறகின் விளிம்பிலும் வெளிறிய கோடு ஓடியதால் கழுத்தும் மார்பும் மீன் செதில் அடுக்கியதுபோல இருந்தது. கண்ணைச் சுற்றி இறகே இல்லாத வெள்ளைத் தோல். கண் வெளிர்மஞ்சள். திரும்பி உட்கார்ந்தபோதுதான் வாலைப் பார்த்தேன். அந்தச் சாம்பலின் முடிவில் குங்குமச் சிவப்பு.

ஒரு வாரம் சத்தமில்லை. தின்னவும் இல்லை. அம்மா எண்ணெய்ப்பனையின் பழுத்த காய்களைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் ஒன்றைக் காலால் எடுத்து, செம்மஞ்சள் சதையை மட்டும் சுரண்டித் தின்றது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, விடிந்தும் விடியாத நேரத்தில், திண்ணையிலிருந்து ஒரு பெண்ணின் குரல்: "கோஃபி, ப்ரா! ப்ராஆ!" அம்மா எழுந்து கதவைத் திறந்தாள். யாருமில்லை. கிளி கம்பியில் முகத்தை அழுத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தன் பெயரைத்தான் சொல்கிறது என்று எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. அன்றிலிருந்து அதற்குக் கோஃபி என்று பெயர். நானும் தம்பியும் கோஃபி கோஃபி என்று கூண்டைச் சுற்றி ஓடுவோம். நாங்கள் பெயர் சொல்லும்போதெல்லாம் அது எங்களைப் பார்க்காது, தெருவைப் பார்க்கும்.

அப்பாவோடு வேலை பார்த்த அறிவியல் வாத்தியார் ஒருவர், அவரும் கானாக்காரர், தாள்களெல்லாம் சரியாக இருந்ததால் தங்கிவிட்டவர், ஒரு சாயங்காலம் தேநீருக்கு வந்தார். பேச்சுக்கு நடுவில் கிளி கூப்பிட்டது. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி கூப்பிடும்வரை காத்திருந்து கேட்டார். பிறகு சொன்னார்: எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளைக்குக் கோஃபி என்று பெயர். ப்ரா என்றால் வா. ஒரு தாய் தன் மகனை வீட்டுக்குள் கூப்பிடுகிறாள், அவ்வளவுதான்.

அம்மா அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி அதைக் கூப்பிடவில்லை, எங்களையும் கூப்பிட விடவில்லை. கூண்டைத் துடைக்கும்போது கையெல்லாம் நீறு பூசிக்கொள்வதால் 'பழனி' என்று பெயர் வைத்தாள். ஆனால் கிளி மட்டும் விடவில்லை. காலையிலும் விளக்கு வைக்கிற நேரத்திலும் அந்த முகம் தெரியாத பெண்ணின் குரலில் மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அம்மா அடுப்படியில் எந்த வேலையில் இருந்தாலும், "வாரேன் சாமி, இதா வாரேன்" என்று பதில் குரல் கொடுப்பாள்.

"அது உன்னையா கூப்பிடுது?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

"யாரக் கூப்பிட்டா என்னங்க? கூப்பிட்ட கொரலுக்கு ஏன்னு கேக்க ஒரு ஆள் வேணுமல்ல?"

அம்மா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள். பறவை நூல் எதையும் கண்ணால் பார்த்தவளில்லை. சாம்பல் கிளிகள் காட்டில் கூட்டமாக வாழ்பவை; இலைமறைவில் ஒன்றையொன்று காணமுடியாதபோது, 'நான் இங்கே, நீ எங்கே' என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும்; பதில் வரும்வரை அவற்றுக்கு நிம்மதி இல்லை என்பதெல்லாம் நான் முப்பது வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டது. கூண்டில் வளர்கிற கிளிக்கு வீட்டு மனிதர்கள்தான் கூட்டம். நாம் அடுத்த அறைக்குப் போனால்கூட அதற்கு நாம் இலைமறைவுக்குப் போய்விட்டோம் என்றுதான் பொருள். கூப்பிடும். பதில் சொன்னால் அடங்கும். சொல்லாவிட்டால் கத்தும். அந்தக் கத்தலுக்குப் பயந்துதான் பலர் கிளியைப் பால்கனிக்குத் துரத்துகிறார்கள்.

எங்கள் திண்ணையிலிருந்து ஆற்றுப்பக்கம் வானம் நன்றாகத் தெரியும். சூரியன் சாய்ந்ததும் கிளிக்கூட்டங்கள் இருபது, முப்பதாகப் பனைகளுக்கு மேலே பறந்து போகும். சீட்டியும் கூச்சலுமாக, சந்தை கலைந்து போகிறவர்கள் மாதிரி. முதலில் சத்தம் வரும், பிறகுதான் உருவம் தெரியும். அந்த நேரத்தில் பழனி தின்பதை நிறுத்திவிடும். தலையை ஒருபக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும். பிறகு மனிதக் குரல் எதுவும் கலக்காமல், தமிழும் இல்லாமல் கானா மொழியும் இல்லாமல், நீளமாக ஒரு சீட்டி அடிக்கும். மேலே போகிற கூட்டத்திலிருந்து ஒன்றிரண்டு சீட்டிகள் வரும். ஒன்று மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். கூண்டைத் திறந்துவிடலாமே என்று தம்பி கேட்டான். அதன் ஒரு இறக்கை எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. பனைமட்டைகளில் பிசின் தடவி, பக்கத்தில் ஒரு கிளியைக் கட்டிவைத்து அதன் குரலால் மற்றவற்றை இறக்கிப் பிடிப்பார்கள் என்று பள்ளிக் காவலாளி எங்களுக்குச் சொன்னார். பதில் சொல்ல வருகிற குணம்தான் அவற்றைப் பிசினில் சிக்கவைத்தது.

பழனி தமிழுக்கு வர எட்டு மாதமாயிற்று. முதல் சொல் 'கண்ணு'. அம்மாவின் குரலில், அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே இழுப்போடு. பிறகு அப்பா வகுப்புக்குக் கிளம்புமுன் தொண்டையைச் செருமுவது. பிறகு தகரத்தில் முதல் பத்துச் சொட்டு விழுகிற சத்தம். அதைக் கேட்டு அம்மா கொடித்துணி எடுக்க ஓடிய நாட்கள் உண்டு.

1986இல் நைராவின் மதிப்பு சரிந்தது. ஊருக்கு அனுப்புகிற பணம் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வாத்தியார்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நாங்களும். கிளியை விமானத்தில் கொண்டுபோக ஏற்றுமதித் தாள் வேண்டும் என்றார்கள். அப்பா இரண்டு முறை அலைந்துவிட்டு விட்டுவிட்டார். பள்ளிக் காவலாளியின் வீட்டில் கூண்டை வைத்தோம். அவர் நல்லவர். பனம்பழம் தவறாமல் கொடுப்பேன் என்றார். கிளம்புகிற அன்று பெஜோ கார் வந்து நிற்கிறது, பெட்டிகளை ஏற்றியாயிற்று. வேலிக்கு அந்தப்புறமிருந்து "கண்ணு! கண்ணூ!" என்று அம்மாவின் குரல். அம்மா காருக்குள் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கார் திரும்புகிறவரை அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த பிறகு அம்மா இதை எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. "ஒரு வார்த்த ஏன்னு கேட்டுப்புட்டு வந்திருக்கோணும்" என்பாள். மாமா வீட்டில் அந்தக் காலத்தில் பச்சைக்கிளி வளர்த்தார்கள். இன்று அது சட்டப்படி குற்றம். நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் அடைத்து வைக்கக்கூடாது, அதுதான் நியாயமும்கூட. அம்மா அந்த வீட்டுக்குப் போனால் கூண்டு இருக்கிற பக்கம் போகமாட்டாள்.

அமெரிக்காவில் அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி 2007இல் இறந்த செய்தியை நாளிதழில் படித்தேன். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் 1977இல் சிகாகோ கடையொன்றில் வாங்கி வளர்த்து, நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லவைத்து, அது வெறும் ஒப்பிப்பு இல்லை என்று உலகுக்குக் காட்டிய கிளி. வயது 31தான் ஆகியிருந்தது. கடைசி இரவும் அவரிடம் வழக்கம்போல நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் கூண்டுக்குள் போனதாம். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தம்மா பதில் சொன்னாளா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு மூன்று நான்கு வருடம் கழித்து வேலு வந்தது. கோவைக்கு வெளியே வீட்டிலேயே ஜோடி வைத்துக் குஞ்சு எடுக்கிற ஒருவரிடம் வாங்கினோம். மூன்று மாதக் குஞ்சு, கையால் ஊட்டி வளர்த்தது. காலில் மூட்டில்லாத வளையம். கண் திறக்கிற பருவத்தில் மாட்டினால்தான் அந்த வளையம் ஏறும். வளர்ந்த காலில் ஏறவே ஏறாது. காட்டில் பிடித்ததில்லை என்பதற்கு அதைத்தான் அடையாளமாகப் பார்ப்பார்கள். அந்த வளையத்தைத் தடவிப் பார்த்த பிறகுதான் அம்மா குஞ்சை மடியில் வாங்கினாள். அப்போது அதன் கண் கரிநிறமாக இருந்தது. மாதங்கள் போகப்போகச் சாம்பலாகி, வைக்கோல் நிறமாகி, இரண்டு வயதுக்குள் பழனியின் மஞ்சள் வந்துவிட்டது. இறகை அனுப்பி டி.என்.ஏ. சோதனை செய்து பார்த்ததில் வேலு பெட்டை என்று தெரிந்தது. வெளித்தோற்றத்தில் ஆண் பெண் வித்தியாசம் தெரியாத பறவை. பெயர் நிலைத்துவிட்டது, என் கணவர் மட்டும் வேலம்மா என்பார்.

கிரே, அதாவது சாம்பல் கிளி, வளர்க்கிற வீட்டின் அடுப்படியே மாறிவிடும். நான்ஸ்டிக் பாத்திரங்கள் அத்தனையையும் எடுத்துப் போட்டேன். அந்தப் பூச்சு அளவுமீறிச் சூடேறினால் கிளம்புகிற புகை, நமக்குத் தெரிவதற்குள் பறவையின் உயிரை எடுத்துவிடும். பழைய இரும்புத் தோசைக்கல் மறுபடி அடுப்பேறியது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி கொல்லைக்குப் போயிற்று. கொசுவர்த்திக்குப் பதில் வலை. பட்டர் ஃப்ரூட்டும் சாக்லேட்டும் அதன் கண்ணிலேயே படக்கூடாது. காலையில் முளைகட்டிய பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, கேரட், ஒரு கீற்றுக் கொய்யா, மாதுளை. பச்சை மிளகாயைக் காம்போடு கொடுத்தால் காலில் பிடித்துக்கொண்டு விதையை ஒவ்வொன்றாக நாக்கால் உருட்டித் தின்னும். பறவைகளுக்கு மிளகாய் எரிக்காது. சூரியகாந்தி விதை, வேலை சொல்லிக்கொடுக்கும்போது பரிசாக நான்கைந்து மட்டும். கூண்டுக்குள் உட்கார வழவழப்பான கட்டை வைக்கக் கூடாது; முண்டும் முடிச்சுமான கொய்யாக் கிளைதான் பாதத்துக்கு நல்லது. ராத்திரி எட்டு மணிக்கு விளக்கணைத்தால் விடியும்வரை தூக்கம் வேண்டும். கூண்டுக் கதவுக்குப் போட்ட நட்டை அது மூன்று நாளில் திருகிக் கழற்றக் கற்றுக்கொண்டது. இப்போது பூட்டு. சாவி என் தாலிக்கொடியோடு கிடக்கிறது.

குக்கர் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நான் ஊரில் இல்லாத ஒரு நாள். இவர் அரிசி வைத்துவிட்டுச் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறார். மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டார். ஆவி அடங்கித் திறந்தால் ஊறிய அரிசி. மறுபடி ஏற்றினார், மறுபடி மூன்று விசில், மறுபடி அரிசி. அடுப்படியை நோக்கித் தலையைச் சாய்த்து, கண்மணியைச் சுருக்கி விரித்துக்கொண்டிருந்த வேலுவைப் பார்த்த பிறகுதான் புரிந்ததாம். கிரேக்கு உற்சாகம் வந்தால் கண்மணி அப்படித்தான் துடிக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குக்கருக்குக் காதை நம்புவதில்லை, கடிகாரத்தைத்தான்.

தங்கம் வந்தது வேறு மாதிரி. குடும்பத்தோடு வெளிநாடு போகிற ஒருவர், உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதாமே, இதையும் வைத்துக்கொள்ள முடியுமா என்று தொலைபேசியில் கேட்டார். அடுக்குமாடியின் பால்கனியில் கூண்டு. பதினைந்து வயதிருக்கும். கழுத்துக்குக் கீழே மார்பில் ஒரு இறகுகூட இல்லை. உரித்த கோழி போலத் தோல் மட்டும் புள்ளிபுள்ளியாக. தானே பிடுங்கிக்கொண்டது. கிண்ணத்தில் சூரியகாந்தி விதை தவிர வேறில்லை. அது எந்த வார்த்தையும் பேசவில்லை. நாங்கள் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு சத்தம்தான் திரும்பத் திரும்ப எழுப்பியது: மாடியில் லிஃப்ட் வந்து நிற்கும்போது அடிக்கிற 'டிங்'. அடித்துவிட்டு முன்கதவைப் பார்க்கும். லிஃப்ட் மணி அடித்தால்தான் அந்த வீட்டுக்கு மனிதர்கள் வருவார்கள். அதை அடித்தடித்து அது ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை. கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

வந்த இரண்டாம் மாதம், ஒரு விடியற்காலையில், பொத்தென்று ஒரு சத்தம். ஓடிப் போனால் தங்கம் கூண்டின் அடியில் கிடக்கிறது. கால்விரல்கள் இறுகி மடங்கியிருக்கின்றன, இறக்கை விட்டுவிட்டு உதறுகிறது, கண் என்னைப் பார்க்கவில்லை. துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனேன். ஆட்டோவில் அதன் இதயம் என் உள்ளங்கையில் தையல் எந்திரம் மாதிரி ஓடியது. ரத்தத்தில் கால்சியம் குறைந்து வருகிற வலிப்பு என்றார் மருத்துவர். வெறும் விதையில் வளர்ந்த கிரேகளுக்கு இது வரும். இந்த இனம் அதற்கு மற்றக் கிளிகளைவிட எளிதில் ஆட்படும். ஊசி போட்டார். வெயில் படவேண்டும் என்றார். கண்ணாடி வழியாக வருகிற வெயில் போதாது, நேர்வெயில். அன்றிலிருந்து தினமும் காலை அரைமணி நேரம் கூண்டோடு மொட்டை மாடி. விதையை விட்டுக் கீரைக்கு அது வர ஏழு மாதமாயிற்று. நான் எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை வாயில் வைத்து மென்று காட்டுவேன். கூட்டத்தில் ஒருவர் தின்றால்தான் அதற்கு அது உணவு. மார்பில் சில இடங்களில் இறகு முளைத்துவிட்டது. சில இடங்களில் வேரே செத்துப்போனதால் இனி முளைக்காது. மழை நாளில் அந்த இடங்களைப் பார்த்தால் எனக்குக் குளிரும்.

கிரே வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாற்பது ஐம்பது வருடம் இருக்கிற உயிர் அது. நாற்பது வயதில் வாங்குகிறவர், தனக்குப் பின்னால் யார் என்று அன்றே முடிவு செய்யவேண்டும். எனக்குத் தம்பி மகள் இருக்கிறாள். ஞாயிறுதோறும் வந்து இரண்டின் பக்கத்திலும் உட்கார்ந்து படிக்கிறாள். தங்கம் அவள் தோளில் ஏற ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டது. வனவிலங்குச் சட்டத்தை 2022இல் திருத்தி, 2024இல் அயல்நாட்டு உயிரினங்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் பதிவுசெய்ய விதி கொண்டுவந்தார்கள். கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்கவேண்டும். விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பியதும் அவள்தான். இந்த இனத்தைக் காட்டிலிருந்து பிடித்து உலகச் சந்தையில் விற்பதற்கு 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய நாடுகள் தடை போட்டன. அதற்குள் பதிமூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கிளிகள் கணக்கில் ஏறியே கப்பலும் விமானமும் ஏறிவிட்டன. வழியில் செத்தவை கணக்கில் வராது. கானாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்துவிட்டன என்று படித்த அன்று, தையல்காரரின் பிள்ளைதான் நினைவுக்கு வந்தான். அவனுக்கு இப்போது ஐம்பதை ஒட்டி வயதிருக்கும். அவன் ஊர்க் காட்டில் கிளி இல்லை. அவன் அம்மாவின் குரலை வைத்திருந்த கிளி எங்களிடம் இருந்தது, நாங்களும் விட்டுவிட்டு வந்தோம்.

அம்மா கடைசி ஐந்து மாதம் படுக்கையில் இருந்தாள். வேலுவின் கூண்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில். வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் இன்றைக்கும் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: அம்மா குரல்ல பேசுதா? இல்லை. அம்மாவின் குரல் அப்போது மிகவும் தாழ்ந்துவிட்டது. பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. "கண்ணு" என்று அவள் முனகுவது கூண்டைத் தாண்டி வராது. வேலு பிடித்துக்கொண்டது என் குரலை. அம்மா கூப்பிடும்போதெல்லாம் அடுப்படியிலிருந்தும் கொல்லையிலிருந்தும், பல நாள் அரைத்தூக்கத்திலிருந்தும் நான் உரக்கச் சொன்னதை.

மின்விசிறியின் மூன்றாவது இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாளித் தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்துவிட்டது. உள்ளறையிலிருந்து தங்கம் ஒரு 'டிங்' அடித்தது. இப்போதெல்லாம் அபூர்வமாகத்தான் அடிக்கிறது. வீடு முழுக்கச் சாமான்களை நகர்த்தி, பழக்கப்பட்ட மூலைகள் காலியாகக் கிடந்ததில் பயந்திருக்க வேண்டும். துணியைப் பிழிந்துவிட்டு இறங்கலாம் என்று காலை எடுத்து வைத்தேன். அதற்குள் மறுபடி டிங்.

கூண்டின் உச்சியில் இருந்த வேலு கழுத்தை நீட்டி உள்ளறைப் பக்கம் பார்த்தது. பிறகு என் குரலில், நான் சொல்கிற அதே வேகத்தில் சொன்னது:

"இதா வந்துட்டேம்மா!"

உள்ளே தங்கம் உடம்பைச் சிலிர்த்து இறகை உதறுகிற சத்தம் கேட்டது. நான் நான்காவது இறக்கையைத் துடைக்கத் தொடங்கினேன்.